வெங்காயப் பாத்தியின் மேல்

ஹார்ல்விக் கோட்டையைக் கட்டுவதற்கு முன்
இடித்தார்கள்.
ஏழு வீடுகள், ஒரு பன்றிப்பட்டி,
ஆல்டித் என்பவளின் வெங்காயப் பாத்தி.
ஆற்று வளைவில் அவை இருந்த இடம்தான்
குதிரையில் வந்தவனுக்குப் பிடித்திருந்தது.
ட்ரோகோ என்பது அவன் பெயர்.
தமிழில் எழுதும்போது கை
வேறொரு சொல்லை நோக்கி நழுவுகிறது;
தடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர்களையே மண்வெட்டி பிடிக்கச் சொன்னான்.
சுற்றிலும் தோண்டினார்கள், அது அகழி.
தோண்டியதை நடுவில் கொட்டினார்கள், அது மேடு.
தன் அடுப்பின் மேல் முதல் கூடையை
ஆல்டித்தே கவிழ்த்தாளா,
எந்தச் சுருளிலும் இல்லை.
வரிக்கணக்கு எழுத வந்தவன்
‘வீடுகள் ஏழு, பாழ்’ என்று எழுதி
மையை ஊதி உலர்த்திவிட்டுப் போனான்.
அந்த வரியின் மேல் மரக்கோபுரம் எழுந்தது.
மரம் எரிந்தது.
கல் வந்தது, பதினெட்டு மைல்,
மாட்டு வண்டியில், சேறு அச்சைத் தொட.

நூற்றெண்பது வருடம் கழித்து ஒரு முற்றுகை.
உழிஞை சூடி யாரும் வரவில்லை,
நொச்சி சூடி யாரும் நிற்கவில்லை.
மதிலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மழை.
ஐம்பத்திரண்டு நாள்.
கவண்பொறி எறிந்த கற்கள் மொத்தம் மூன்று,
ஒன்று அவர்கள் கூடாரத்திலேயே விழுந்தது.
உள்ளே, கோட்டைத் தலைவனின் மனைவி ஹாவிஸ்
உப்பிட்ட ஹெர்ரிங் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
தொள்ளாயிரம். நானூற்றுப் பத்து. அறுபது.
எண்களுக்கு நடுவே ஒரே ஒரு நாள் மட்டும்
‘வில்லாளி வைமண்டின் கால்விரல் கறுத்துவிட்டது’.

ஐம்பத்துமூன்றாம் நாள் இருட்டோடு
பின்வாசல் காவலன் ஆஸ்பர்ட்
ஆற்றில் போட்டிருந்த விலாங்குக் கூடையைப் பார்க்கப் போனான்.
பசிதான், வேறென்ன.
திரும்பி வந்து பார்த்தால்
கதவுக்குள் வேறு ஆட்கள்.
கோட்டை விட்டான் என்று நாம்
கணக்குப் பரீட்சையில் தோற்ற பிள்ளையைச் சொல்கிறோம்,
கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டவனைச் சொல்கிறோம்.
ஆஸ்பர்ட் நிஜமாகவே விட்டான்.
கூடையில் விலாங்கு இருந்ததா என்பதையாவது
யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

பிறகு சிறை. பிறகு புறாக்கூடு.
ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை வந்தபோது
தெற்குக் கோபுரத்தின் அடியில் ஒன்பது பீப்பாய் வெடிமருந்து.
கோபுரம் குனிந்தது, விழவில்லை.
இன்னும் அப்படியே நிற்கிறது,
புல்லில் சாவியைத் தொலைத்தவர் மாதிரி.
ஊர்க்காரர்கள் முதலில் இரவில் வந்தார்கள்,
அப்புறம் பகலிலேயே, வண்டியோடு.
மண்டபம் பாலமாயிற்று.
தொழுகைக்கூடம் மதுக்கடைக்குப் படியாயிற்று.
அம்பு எய்யும் துளையுள்ள கல் ஒன்று
ப்ளெவின்ஸ் பண்ணையின் பன்றிப்பட்டிச் சுவரில்;
அதன் வழியே ஒரு பன்றி
தபால்காரரைக் கண்காணிக்கிறது.

இப்போது சீட்டு நான்கு பவுண்டு.
நவம்பரிலிருந்து மார்ச் வரை மூடியிருக்கும்.
வருடத்தில் இரண்டு முறை, சீட்டு வாங்காமல்,
இமோஜன் ஸ்டாக்டேல் வருகிறாள்
முக்காலியும் அளவுக்கருவியும் தூக்கிக்கொண்டு.
மேடு நழுவுகிறது.
வருடத்துக்கு எட்டு மில்லிமீட்டர்,
இந்த நாட்டின் பழைய கணக்கில்
ஒரு வாற்கோதுமை மணி.
மூன்று மணி சேர்ந்தால் ஓர் அங்குலம்.
அகழியிலிருந்து வாரியது
அகழிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது,
கூடையும் இல்லாமல், கங்காணியும் இல்லாமல்.

தடுக்க முடியாதா என்று கேட்டால்
எஃகு அடிக்கலாம், பணம் இருந்தால், என்கிறாள்.
ஃப்ளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றுகிறாள்.
எங்கோ அடியில் ஏழு அடுப்புகள்,
கடைசியாக எரிந்த கரி அப்படியே.
அவற்றுக்கு ஒன்றும் அவசரமில்லை.
இந்த வருடத்து மணியை அவள் எழுதிக்கொள்வதற்குள்
மழை பிடித்துக்கொள்கிறது,
செம்மறிகள் சாய்ந்த கோபுரத்தின் கீழே போய்
நெருக்கியடித்து நிற்கின்றன.